டிரம் வாசலில் ஒரு ஜோடி சப்பாத்து

ராக்காயிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, துடைப்பம்தான் பேசும். ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் அவள் குடியிருந்த பலகை வீட்டு வரிசையில் இது தெரியாதவர்கள் இல்லை. காலையில் அவள் வாசல் கூட்டும் சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட வேண்டாம் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷனை ஒரு லோரி விபத்தில் பறிகொடுத்தவள் அவள். பிள்ளை இல்லை. உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியது தம்பி பத்துமலை ஒருவன்தான். அவனுடைய மூன்று பிள்ளைகளையும் தன் வயிற்றில் பிறந்தவையாகவே நினைத்துத் தூக்கி வளர்த்தாள். அவன் சம்பளத்தில்தான் அந்த வீடு நின்றது. அவனுக்கு ஒன்று என்றால் அவள் எதையும் செய்வாள் என்பது ஊருக்கே தெரியும். எதையும் என்றால் எதுவரை என்பது மட்டும், பாவம், அவளுக்கே தெரியாமல் இருந்தது.

அக்காளும் தம்பியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளுக்கு நடுவில் புகைபோக்கி தெரிய நின்ற மின்நிலையம் அது. பத்துமலை பாய்லர் பராமரிப்புக் கூட்டத்தில் ஒருவன். ராக்காயி அங்கே கரி கூட்டுகிறவள். பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் மேல்தளம் முதல் அடித்தளம் வரை படியும் கரியை வாரிப் பக்கெட்டில் சுமந்து இறக்க வேண்டும். வீடு திரும்பும்போது அவள் கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும்தான் தெரியும்.

அந்தப் பாய்லரின் உச்சியில் ஒரு பெரிய இரும்பு உருளை படுத்திருக்கும். டிரம் என்பார்கள். அதன் ஒரு முனையில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு வட்ட வாசல். உள்ளே அடிப்பாகம் முழுவதும் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். ஒரு சின்ன ஆணியோ, செருப்பில் ஒட்டி வந்த கல்லோ அந்த வாய்களில் விழுந்து அடைத்தால் போதும், பிறகு நெருப்பு மூட்டும்போது குழாய் வெடித்துவிடும். அதனால் உள்ளே போகிற எவனும் சட்டைப்பையைக் காலி செய்து, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடுதான் நுழைவான்.

இதில்தான் அவர்களுடைய வழக்கம் ஒன்று பிறந்தது. பொறியாளர்கள் கையெழுத்துப் போடுவதெல்லாம் கீழே, அலுவலகத்தில். மேலே செருப்புதான் சட்டம். வாசலில் எத்தனை ஜோடியோ உள்ளே அத்தனை பேர். கடைசி ஜோடியும் போன பிறகுதான் கதவை மூடி முடுக்குவார்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர் விடுவார்கள். அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதற்கென்று ஒரு ஆள் உண்டு. அந்த ஆள் பத்துமலை.

வாசலுக்கு வலப்பக்கம், கைப்பிடிக் கம்பியில் ஒரு முனியாண்டி படம் கட்டியிருந்தது. டிரம்மைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் படத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துச் சூடம் கொளுத்திய பிறகுதான் வேலை தொடங்கும். செருப்புகள் எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் சாமிக்கு. யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருடம், பாய்லரை நிறுத்தியிருந்த ஒரு நாளில், கோலாலம்பூர்த் தலைமையகத்திலிருந்து ஸ்கந்தராஜா வந்து சேர்ந்தான். முப்பது வயதைத் தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரன். கசங்காத வெள்ளைச் சட்டை, தேன்நிறத்தில் பளபளக்கும் தோல் சப்பாத்து, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரு நிறுத்துக் கடிகாரம். பராமரிப்பு ஆட்களோடு ஒரு மாதம் கூடவே திரிந்து, எந்தக் கை வேலை செய்கிறது, எந்தக் கை சும்மா இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் அவனுக்கு இட்ட வேலை. அவன் கூடவே திரிந்தான். ஏணி ஏறினால் ஏறினான், குனிந்தால் குனிந்தான், ஒருவன் ஒதுங்கப் போனால்கூடக் கடிகாரத்தை அமுக்கினான். ஆட்கள் அவனுக்கு நெழலு என்று பெயர் வைத்தார்கள்.

"பாய்லருக்குள்ள வெயிலே கெடையாது லா. ஆனா நெழல் மட்டும் வருது பாத்தியா?" என்றான் அர்ச்சுனன். அவன்தான் அந்தக் கூட்டத்தின் தலையாள். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்கந்தராஜாவின் காதில் விழட்டும் என்றே சிரித்தார்கள். அவன் முகம் மாறாமல் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றாம் நாளே அவன் பத்துமலையின் முன்னால் போய் நின்றான்.

"நீர் காலமை தொடக்கம் இதில நிண்டு என்ன செய்யிறீர்?"

"வாசலப் பாக்குறேன் சார்."

"வாசல் எங்கயும் ஓடிப் போகாது."

வாசலில் நிற்கிற ஆள் தேவையில்லை, பத்துமலையைக் கழித்துவிடலாம் என்று அவன் பொறியாளரிடம் பேசியதை அர்ச்சுனன் அடுத்த வாரமே கேட்டுக்கொண்டு வந்தான். மாதக் கடைசியில் முடிவு வந்துவிடும். பத்துமலை அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. அவன் மனைவி அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். ராக்காயி எழுந்து போய், கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள்.

இது மட்டும் என்றால்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. விதி அவளை அதோடு விடவில்லை.

ஒருநாள் மத்தியானம் படிக்கட்டில் அவள் பக்கெட்டோடு இறங்கும்போது ஸ்கந்தராஜா வழிவிட்டு நின்றான். அவனுக்கும் அந்த ஊமைப் பகைக்கு நடுவில் ஒரு பேச்சுத்துணை தேவைப்பட்டதோ என்னவோ, எந்த ஊர் என்று கேட்டான். அவள் தாப்பா பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரைச் சொன்னாள். அவன் முகம் முதல்தடவையாக மலர்ந்தது.

"அங்கதானே எங்கட ஐயா பெரிய கிராணியாய் இருந்தவர். துரைசிங்கம். நான் பள்ளி விடுமுறைக்கு வாறனான். நல்ல இடம்."

ராக்காயி பக்கெட்டை இறக்கி வைத்தாள், கை மாற்றினாள், நடந்தாள்.

நல்ல இடம். எழுபதாம் வருடம், குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பெர்மிட் இல்லாமல் வேலை இல்லை என்று ஆனது, அவளுடைய அப்பாவும் அவர்களில் ஒருவர். முப்பது வருடம் அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயாவின் வீட்டு வாசலில் போய் இரண்டு நாள் நின்றார், ஒரு வார்த்தை துரையிடம் சொல்லுங்கள் என்று. மூன்றாம் நாள் கிராணி துரைசிங்கமே காவலாளிகளோடு லயத்துக்கு வந்தார். சட்டி பானைகள் மழையில் வந்து விழுந்தன. அப்பாவின் ரப்பர்ச் செருப்பு வடிகால் தண்ணீரில் மிதந்து போயிற்று. செருப்பை எடுக்கவும் விடாமல் பிடரியில் கைவைத்துத் தள்ளினார்கள். கூர்க்கல் போட்ட தோட்டத்துச் சடக்கில், பெரிய ரோடு வரைக்கும், அந்த மனுஷன் வெறுங்காலோடு நடந்தார். அவருக்குப் பின்னால் நடந்த ராக்காயி கல்லில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். புந்தோங்குக்கு வந்து ஒரு வருடம் தாங்கவில்லை அவர்.

அப்பாவை விரட்டியது அவன் தகப்பன். இப்போது தம்பியை விரட்ட வந்திருப்பது மகன். ராக்காயியின் நெஞ்சில் அடுப்பு எரியத் தொடங்கியது.

அதற்குச் சில நாள் கழித்து வந்தது டிரம் வேலை முடிந்த நாள். உள்ளே சுரண்டித் துடைத்த ஆட்கள் பிற்பகலில் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தேத்தண்ணிக்கு இறங்கினார்கள். பத்துமலை மட்டும் கதவை மூடும்வரை நகரக்கூடாது என்று நின்றான். ஸ்கந்தராஜா அவனையும் போகச் சொன்னான். பத்துமலை தயங்கினான். அதிகாரி மறுபடியும், இந்தத் தடவை குரலை உயர்த்தி, நீர் இல்லாவிட்டால் என்ன நடந்துவிடும் என்று பார்ப்போம், போம் என்றான். மேலதிகாரி போகச் சொன்னால் நிற்க முடியுமா? பத்துமலை போனான்.

அவன் தலை மறைந்ததும் ஸ்கந்தராஜா சப்பாத்தைக் கழற்றினான். அவனுக்கும் அந்த விதி தெரியும், அதை மதிக்கவும் செய்தான். ஆனால் எந்தப் பக்கம் வைப்பது என்பது அவனுக்குத் தெரியாது. வலப்பக்கம் வைத்துவிட்டு, இவர்கள் இத்தனை நாள் உள்ளே என்னதான் செய்தார்கள் என்று பார்க்கத் தனியாகக் குனிந்து நுழைந்தான். தடுப்புத் தகடுகளைத் தாண்டி மறுகோடி மூலைவரைக்கும் ஊர்ந்து போனான். பக்கத்துப் பாய்லரின் நீராவிக் குழாய் ஒட்டிப் போகும் அந்த மூலையில் இரும்பு ஆறுவதே இல்லை, ஆட்கள் அங்கே சாக்கு விரித்துத்தான் ஊர்வார்கள். அந்த வெக்கையில் தலை சுற்றி அங்கேயே சரிந்தான். இதெல்லாம் பின்னால் அவன் வாயால் தெரிய வந்தது.

சற்று நேரத்தில் ராக்காயி துடைப்பத்தோடு மேல்தளத்துக்கு வந்தாள். ஆளரவம் இல்லை. முனியாண்டி படத்துக்கு நேர் கீழே தேன்நிறச் சப்பாத்து இரண்டும் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் மூக்கு எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கண் இருண்டது. துடைப்பத்தாலேயே அவற்றைத் தள்ளிப் பக்கெட்டில் விழவைத்தாள். அதற்குமேல் கரியை வாரிக் கொட்டினாள். இறங்கட்டும், அத்தனை படியும் வெறுங்காலோடு இறங்கட்டும், எங்கள் அப்பாவின் கால் பட்ட பாட்டை இந்தக் காலும் படட்டும். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள்.

வாசலில் செருப்புதான் கணக்கு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தம்பி அதைக் கட்டிக் காப்பதைத் தினமும் பார்ப்பவள். ஆனால் அந்தச் சப்பாத்தும் அந்தக் கணக்கில் ஒரு ஜோடி என்பது, அந்த நேரத்தில், அவள் புத்தியில் ஏறவே இல்லை.

கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று, அவன் வெறுங்காலோடு வரும் அழகைப் பார்க்கக் காத்திருந்தாள். மனசு லேசாகக்கூட இருந்தது. வந்தது, மறுபக்க ஏணி வழியாக மேலே போயிருந்த பத்துமலையும் அர்ச்சுனனும். டிரம்மை மூடியாச்சு என்றார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடுவார்களாம்.

"அந்த நெழலு எங்கடா?" என்று கேட்டாள் ராக்காயி.

"எப்பவோ போயிட்டாரு போல. வாசல்ல ஒண்ணும் இல்ல. உள்ள கூப்புட்டும் பாத்தேன், சத்தம் இல்ல."

ஒரு மூச்சு விடும் நேரம் அவள் அசையவில்லை. அந்த ஒரு மூச்சில் என்னென்ன ஓடியது என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. பேசாமல் இருந்தால் போதும், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, மாதக் கடைசியும் வரப்போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வரவே இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சொல்ல முடியவில்லை.

பிறகு அவள் பக்கெட்டைக் கவிழ்த்தாள். கரியோடு சப்பாத்துகள் உருண்டன.

"உள்ள இருக்காரு," என்றாள். "தண்ணி விட வேணாம்னு சொல்லு. ஓடு."

பத்துமலை அவளைப் பார்த்த பார்வையை விவரிக்க என்னால் ஆகாது. அவன் ஓடினான். அர்ச்சுனன் தண்ணீர் வால்வுக்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினான். ராக்காயி சப்பாத்துகளை மார்போடு அணைத்தபடி படியேறினாள்.

மரையைக் கழற்றி, கதவைத் திறந்து, பத்துமலையே உள்ளே நுழைந்து இழுத்து வந்தான். உயிர் இருந்தது. உள்ளங்கைகளும் முழங்கால்களும் வெந்து தோல் உரிந்திருந்தன. அவனைக் கம்பளியில் கிடத்தியபோது அர்ச்சுனன் ராக்காயியின் கையிலிருந்த சப்பாத்தைப் பிடுங்கினான். கரியைத் துடைத்தான். மயங்கிக் கிடந்தவனின் கால்களில் மாட்டி நாடாவைக் கட்டினான்.

"சப்பாத்தோட உள்ள போனாரு. நமக்கு எப்படித் தெரியும்?" என்றான். "எல்லாரும் இதையே சொல்லணும். இல்லாட்டி தம்பி ஜெயிலுக்குப் போவான். வேணும்னே மூடுனான்னுதான் சொல்வாங்க."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ராக்காயியும் பேசவில்லை. சப்பாத்துப் போட்ட காலோடுதான் ஸ்கந்தராஜா அத்தனை மாடியும் இறக்கப்பட்டான். கீழே கூடியிருந்த அத்தனை பேரும் அந்தக் கால்களைப் பார்த்தார்கள்.

அன்றிரவு பத்துமலை அக்காளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. நிலையத்தின் பெரிய பொறியாளர் ஒரு சீனர், மலாயில் கேட்டார், சிலருக்குத் தமிழில் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. கைகளில் கட்டோடு ஸ்கந்தராஜா எதிரே உட்கார்ந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போனேன், வேலை போகும் என்று தெரிந்து அந்த ஆள் வேண்டுமென்றே மூடினான் என்று சொன்னான். அர்ச்சுனன் அவன் சப்பாத்தோடுதான் போனான் என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பொறியாளருக்குச் சந்தேகம் வர வழியில்லை. வெளியே கொண்டுவந்தபோது காலில் சப்பாத்து இருந்ததை அவரே பார்த்திருந்தார்.

பத்துமலை தலையைக் குனிந்து நின்றான். பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. சொன்னால் அக்காள் மாட்டுவாள்.

பொறியாளர் பெருமூச்சு விட்டார். போலீசுக்குப் போகும் விஷயம் இல்லை என்றார். ராக்காயிக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. செருப்பை வைத்து ஆளைக் கணக்கிடுவது சிறுபிள்ளை விளையாட்டு, சப்பாத்தோடு ஒருவன் நுழைந்தால் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை, அப்படியானால் வாசலில் ஒரு ஆளை நிற்கவைத்தும் பிரயோசனமில்லை என்றார்.

"அதைத்தான் நான் முதலே சொன்னனான்," என்றான் ஸ்கந்தராஜா. பொய்யனாக ஆக்கப்பட்ட அவமானத்திலும் அவன் குரலில் ஒரு வெற்றி இருந்தது.

ராக்காயி நிமிர்ந்து பார்த்தாள். தம்பியை ஜெயிலிலிருந்து காப்பாற்றிய பொய்யே அவன் வேலையைத் தின்றுவிட்டது. பத்துமலை வருடக்கணக்காக வெக்கையில் நின்று காத்த வாசல், ஒரு பிசகும் வராத அந்தக் காவல், சிறுபிள்ளை விளையாட்டு ஆகிவிட்டது. அவள் கூப்பிடாமலேயே முன்னால் வந்தாள்.

"சப்பாத்த நான்தான் எடுத்தேன்."

அர்ச்சுனன் கண்ணால் கெஞ்சினான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"இவரு பொய் சொல்லல. சாமி படத்துக்குக் கீழ கழட்டி வச்சிருந்தாரு. நான் பக்கெட்டுல போட்டுக் கீழ கொண்டு போயிட்டேன். அப்பறம் அவரு காலுல மாட்டிவிட்டதும் நான்தான். வாசல்ல செருப்பு இல்லாட்டி உள்ள ஆளு இல்ல, என் தம்பி அதுல என்னைக்கும் தப்புனதில்ல. அவன் கணக்க நான் கெடுத்தேன். அவனத் தேத்தண்ணி குடிக்க வெரட்டினது யாருன்னு இவருகிட்டயே கேளுங்க."

பொறியாளர் ஸ்கந்தராஜாவைப் பார்த்தார். நான்தான் அனுப்பினேன் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். ஏன் எடுத்தாள் என்று பொறியாளர் கேட்டதற்கு ராக்காயி அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஸ்கந்தராஜாவைப் பார்த்தே சொன்னாள். தோட்டத்தைச் சொன்னாள், மழையைச் சொன்னாள், அப்பாவின் காலைச் சொன்னாள். அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அழவில்லை.

அவன் முகம் வெளுத்தது.

"எங்கட ஐயா செய்ததுக்கு என்னைக் கொல்லப் பாத்தனியோ?"

"கொல்லணும்னு எடுக்கல. உள்ள ஒரு ஆளு இருக்குன்னே எனக்குத் தோணல. உங்கள நான் ஒரு ஆளா நெனைக்கல."

"உங்கட சனம் இப்பிடித்தான்."

"உங்க அப்பாவும் எங்கள இப்படித்தான் நெனைச்சாரு," என்றாள் ராக்காயி.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. ஸ்கந்தராஜா எழுந்து, கட்டுப் போட்ட கையால் கதவைத் தள்ள முடியாமல் தோளால் தள்ளிக்கொண்டு போனான். மாதம் முடியும் முன்பே அவன் கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டான்.

ராக்காயியின் வேலை அன்றைக்கே போயிற்று. போலீசுக்குச் சொல்லாததே பெரிய தயவு என்றார்கள். டிரம் வாசலில் நிற்கும் ஆளை எந்த அதிகாரியும் இனி நகரச் சொல்லக்கூடாது என்று பொறியாளர் உத்தரவு போட்டார். பத்துமலை அதே இடத்தில் நின்றான். எண்பதுகளில் அந்தப் பழைய பாய்லரை ஒரேயடியாக நிறுத்தும்வரை நின்றான்.

அவளோ புந்தோங்கிலேயே முறுக்கும் கடலையும் செய்து விற்கும் ஒரு கச்சான் பூத்தே வீட்டில் முறுக்குப் பிழியப் போனாள். எண்ணெய்க் கொப்பரைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள், தம்பிக்காகத் தன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொண்ட புண்ணியவதி என்று பேசினார்கள். அவள் அந்தப் பேச்சை விரும்பவில்லை. பத்துமலையும் விரும்பவில்லை. விசாரணை முடிந்த மாதமே அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டான். பிள்ளைகள் மட்டும் தீபாவளிக்கு வந்து காலில் விழுந்துவிட்டுப் போவார்கள்.

போகிற அன்று, லோரியில் சாமான் ஏற்றிய பிறகு, அவன் திரும்பி வந்து வாசலில் நின்றான். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அக்காளைப் பார்த்து ஒன்று கேட்டான்.

"அன்னைக்கு அங்க இருந்தது என் செருப்பா இருந்தா எடுத்திருப்பியாக்கா?"

"ஒன் செருப்ப நான் எடுப்பேனாடா?"

"யாரு செருப்பா இருந்தாலும் எடுக்கக் கூடாது. அதுக்குத்தான் நான் அங்க நிக்கிறேன்," என்றான் பத்துமலை.

லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவன் போய் ஏறிக்கொண்டான். ராக்காயி துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். எடுத்தவள், கூட்டாமல், லோரி திருப்பத்தில் மறையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.